இரட்டைச் சமக்குறி

வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள் காலையில்தான், காணாமல் போனவர்கள் பட்டியலில் இருந்த பூங்காவனம் என்ற பெயர் முகாம் பட்டியலிலும் இருப்பதைப் பிரதீபா தன் கண்ணால் பார்த்தாள். இரண்டையும் ஒப்பிடும் கணினி நிரலை ஜாவா மொழியில் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். ஜாவா படிக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் பிரித்து, பெயர், முகாம், சேர்ந்த நாள் என்று அது ஒழுங்காகத்தான் எடுத்தது. பெயர்களை ஒப்பிடும் இடத்தில் மட்டும் எழுத்தெழுத்தாக ஒப்பிடும் ஈக்வல்ஸ் கட்டளையை எழுதாமல் இரட்டைச் சமக்குறி போட்டிருந்தாள். அந்தக் குறி எழுத்துகளைப் பார்ப்பதில்லை. இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கும். வேறு வேறு இடத்தில் இருந்த ஒரே பெயரை நான்கு நாளாக இல்லை என்றது. நிவாரண மையத்தில் உறவினரைத் தேடி அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றவர்களிடம் அவளும் அதையே சொன்னாள்.

திருத்தி ஓட்டியதும், இரண்டு பட்டியலிலும் இருந்த முப்பத்தொரு பெயர்கள் வந்தன.

வழக்கம்போல மாசிலாமணிதான் முதல் ஆளாக வந்தார். “என் சம்சாரம் பேரு இன்னிக்காவது இருக்குதாம்மா? நேத்து நீ இல்லன்னதும் ஆஸ்பத்திரி பொணவறைக்குப் போயி, பதினோரு பேரு மொகத்துல துணிய வெலக்கிப் பாத்துட்டு வந்தேன்.”

“இருக்காங்க ஐயா. ஆத்துக்கு அந்தாண்ட முகாமுல.”

அவர் திரையைப் பார்க்க மேசைமேல் குனிந்தார். “என்னிக்கும்மா வந்தா?”

பூங்காவனத்தின் வரியில் மூன்றாவதாக, சேர்ந்த நாள் என்ற இடத்தில், வெள்ளம் வந்த அன்றைய தேதி இருந்தது. பிரதீபா மடிக்கணினியைப் பாதி மூடினாள்.

“இன்னிக்குக் காலையிலதான்.”

துணி விலக்கிய கைகளால் அவள் கைகள் இரண்டையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அக்கரையில் பூங்காவனத்திடம் அவர் அதே கேள்வியைக் கேட்க, படகில் அரை மணி நேரம்.