கன்னியப்பன் வரைந்த ஆறு

காஹாங் தோட்டத்தில் முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டிய கன்னியப்பன், தான் வரைந்த ஆற்றை அருங்காட்சியகம் வாங்கியதும், புது பாத்தேக் சட்டை மாட்டி, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டார்.

"கிறுக்கல்னு சொன்னியே சரசு, இப்ப நல்லா பாரு லா!"

ஓவியக் கூடம் முழுக்கத் தேடியும் ஆறு இல்லை. அதிகாரி சுபத்ரா அடுத்த அறைக்குக் கூட்டிப் போனார். அங்கே கண்ணாடிக்குள், காலையில் ஆள்கணக்கு எடுக்கத் தோட்டத்து ஆட்களின் பெயர் எழுதிய பழைய பெரட்டுப் பலகை.

"என் ஆறு எங்கம்மா?"

"அதுக்குப் பின்னாடி, சுவத்தைப் பார்த்து இருக்குங்க ஐயா. இந்த மாதிரிப் பலகை வேற எங்கயும் கிடைக்கல."

குப்பையில் கிடந்த அந்தப் பலகையின் வெறும் பக்கத்தில் படம் வரைந்தவர் தலையைச் சொறிந்தார். "வாங்க வந்தவங்க திருப்பித் திருப்பிப் பார்த்தப்ப, நம்ம கைவண்ணத்துல மயங்கிட்டாங்கன்னு நினைச்சேன்!"

சரசு சமாதானமாகச் சொன்னாள்: "பலகையைப் பொறுக்கிட்டு வந்ததுக்குத் திட்டினேன்ல, அதுக்கு மன்னிச்சிருங்க. படத்துக்குத் திட்டினது அப்படியே இருக்கட்டும்."