எதிராளிக்குக் கைதட்டிற மனுசன்

"இண்டைக்கும் சனம் வராட்டில் கழகத்தை இழுத்து மூடுவம்" எண்டு செயலாளர் செல்வநாயகம் அண்ணை சொல்லிப்போட்டார்.

வந்தது ஒரேயொரு ஆள். குளத்துக் குடியேற்றத்து ஏரம்பர்.

ஆறு வருசத்துக்கு முந்தி எங்கடை ஒட்டுசுட்டானிலை உதைபந்தாட்டம் எண்டால் கயிறு கட்டித்தான் சனத்தை மறிக்கிறது. இஸ்ஸதீன் நானாவின்ரை தேத்தண்ணிக் கடைக்கு ரேடியோ வந்துது, சனமெல்லாம் அங்கை போச்சு. இப்ப பந்து காட்டுக்கை போனால் எடுத்துத் தரவும் ஆளில்லை. கப்டன் எண்ட நானே ஓடிப்போய் யானை இலத்திக்குள்ளை துழாவோணும். சில நாள் அழுகை வரும்.

வந்த அந்த ஒரு ஆளும் என்ன செய்தார் தெரியுமோ? எங்களோடை விளையாட வந்த முள்ளிவாய்க்கால் பெடியள் கோல் அடிக்க அடிக்க எழும்பி நிண்டு கைதட்டினார். மூண்டு கோல்! எங்கடை யோகலிங்கம் ஒண்டு அடிச்சான். மனுசன் அசையேல்லை.

இண்டைக்கு மட்டுமில்லை. வெளியூரிலை இருந்து ஆர் வந்தாலும் அவைக்குத்தான் கைதட்டல்.

ஆட்டம் முடிஞ்சு, முள்ளிவாய்க்கால் பெடியள் அவருக்குக் கை குடுத்திட்டு பஸ்ஸுக்கு ஓடினாங்கள். நான் நேரை போனன்.

"ஏரம்பண்ணை, எங்கடை தண்ணியைக் குடிச்சுக்கொண்டு அவங்களுக்குக் கைதட்ட வெக்கமில்லையோ?"

"இல்லைத் தம்பி."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "பிழைக்க வந்த வந்தான் வரத்தான் புத்தி போகுமே!" எண்டு சொல்லிப்போட்டன்.

அவர் கோபிக்கேல்லை. சால்வையை உதறித் தோளிலை போட்டார்.

"ஆறு வருசத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்திலை இருந்து வந்து, தகரப் பெட்டியோடை நான் இறங்கினது இந்தக் கிரவுண்டடியிலைதான். அண்டைக்கும் உதைபந்தாட்ட மச். ஊரே நிண்டுது. குளத்துக்கு எது பாதை எண்டு நாலைஞ்சு பேரிட்டைக் கேட்டன். ஒருதரும் திரும்பேல்லை. உன்ரை கொப்பர் மட்டும் திரும்பினவர்."

"என்ன சொன்னவர்?"

"இப்ப நீ சொன்ன அதே 'வந்தான் வரத்தான்'தான்."



"வந்தவையை ஆராவது 'வாங்கோ' எண்டு சொல்ல வேண்டாமே, தம்பி? வாயாலை சொன்னால் கிரவுண்டிலை கேக்காது. அதுதான் கையாலை சொல்லுறன்."

அவர் தனியக் குளத்துப் பக்கம் நடந்தார். நான் பந்தைக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு, அவர் போய் மறையுமட்டும் அதிலையே நிண்டன்.

கடையடியிலை செல்வநாயகம் அண்ணை சைக்கிளை நிப்பாட்டினார். "என்னடாப்பா, சனம் வந்துதோ?"

"ஒரு ஆள் வந்தவர் அண்ணை."

"எப்ப வந்தவர்?"

"ஆறு வருசமாச்சு. நாங்கள்தான் இன்னும் 'வாங்கோ' எண்டு சொல்லேல்லை."