பதினொரு மணி நேர சோபா

"மேடம், பெல்ட்டைப் போடுங்க. வண்டி கிளம்பப் போகுது."

"வீட்டு சோபாவுக்கு எதுக்குங்க பெல்ட்டு?" என்று கேட்டாலும், கணவர் நீட்டிய துண்டை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டாள்.

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். இன்று காலை ஏழு மணிக்கே வெள்ளைச் சட்டை மாட்டி, தலையைப் படிய வாரி, விமானியாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டார்.

எல்லாம் மனைவியின் பயத்தால்தான். ஒரே மகள் கடல் தாண்டிப் போய் நாலு வருடம் ஆகிறது. "வாம்மா, வாம்மா" என்று அவள் கூப்பிடாத நாளில்லை. இவளுக்கோ விமானம் என்றாலே பயம். மகள் பறந்து போன அன்று, இறங்கிவிட்டதாகப் போன் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்து, மயங்கி விழுந்தவள்.

"ஒன்பதாயிரம் கிலோமீட்டர். பதினொரு மணி நேரம். இன்னிக்கு உட்கார்ந்து காட்டு, டிக்கெட் போடுவோம். முடியலைன்னா நான் இனிமே அந்தப் பேச்சையே எடுக்கலை."

"உங்க பஸ்ஸுல போனா எத்தனை நாளுங்க ஆகும்?"

"ஒன்பது நாள். டயர் ஒழுங்கா இருந்தா."

"பொண்ணுகிட்டச் சொல்லிட்டு உட்கார்றேன். கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா."

"விமானத்துல போன் கூடாது" என்று அவள் போனை வாங்கி அணைத்து, தன் பையில் போட்டுக்கொண்டார்.

தட்டில் சாப்பாடு வந்தது. உப்பே இல்லை. "ஆகாயத்துல உப்பு இவ்வளவுதான் கிடைக்கும்" என்றார். அவள் பாத்ரூம் போக எழுந்தால், "வரிசையில வாங்க" என்று அதட்டினார். மதியமும் சாப்பாடு வந்தது. சாப்பிட்டவள் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அவர் மட்டும் தூங்கவில்லை. அடிக்கடி ஜன்னலோரம் போய்த் தன் போனைப் பார்த்துவிட்டு வந்து, "மலையைத் தாண்டியாச்சு", "இப்போ கடலுக்கு மேல" என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு அவள் துண்டை அவிழ்த்தாள்.

"உட்காரு. எதிர்க்காத்து. இருபது நிமிஷம் லேட்டு."

"சோபாகூடவா லேட்டாகும்?"

"பஸ்ஸே லேட்டாகுது!" என்றார். முகம் ஏனோ வேர்த்திருந்தது.

ஒருவழியாக, "இறங்கியாச்சு!" என்று பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவுதானா? இதுக்கா நாலு வருஷம் பயந்து செத்தேன்!" அவள் கண் கலங்கியது. "டிக்கெட்டைப் போடுங்க. என் பொண்ணை நான் பார்க்கணும்."

"அவசரப்படாதே. பெட்டி வரணும், டாக்ஸி பிடிக்கணும்... ஒரு மணி நேரமாவது ஆகும்."

"இல்லாத பெட்டிக்கு ஒரு மணி நேரமா? போதும் உங்க கூத்து" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

சமையல் முடிந்து இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"மூணா வை."

"மூணாவது யாருக்கு?"

வாசல் மணி அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

பெட்டியோடு மகள் நின்றிருந்தாள்.

"எதிர்க்காத்தும்மா, இருபது நிமிஷம் லேட்டாயிடுச்சு" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டவள், அந்தத் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "நான் இறங்குறதுக்குள்ள அம்மா சாப்பிட்டாங்களாப்பா?"

"ரெண்டு வேளை" என்றார் பஸ் டிரைவர். "நடுவுல குறட்டை வேற."