வலது இறக்கை

“அம்மாவுக்குத் தலை வாரி எத்தனை நாளாச்சுப்பா?”

சாதனா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முலுண்டிலிருந்து ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, இடிபட்டு செம்பூர் வந்து சேர்ந்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் சிக்குப் பிடித்த தலை. அடுத்து, அப்பாவின் மேஜைமேல் அந்தப் பாழாய்ப்போன பொம்மை விமானம்.

“வார விட மாட்டேங்கறாடி. சீப்பைப் பிடுங்கி எறிஞ்சுடறா.” அனந்தநாராயணன் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

“நிமிர்ந்து பாத்தாத்தானே வாரறதுக்கு? அம்மா இப்படி எல்லாம் மறந்துபோய் உக்காந்திருக்கா. உனக்கு டைம்பாஸுக்கு ஒரு பிளேன்!”

சும்மா சொல்லக்கூடாது, வேலை கச்சிதம். எழுபத்தொண்ணாம் வருஷ யுத்தத்தில் கப்பலிலிருந்து பறந்த சீ ஹாக் போர் விமானத்தை, ஒரு சாண் நீளத்தில் அப்படியே உரித்து வைத்திருந்தார். உடம்பெல்லாம் கடுகைவிடச் சின்ன ஆணித் தலைகள். விமானி உட்காரும் இருக்கைக்கு பெல்ட் கூட உண்டு. அம்மாவின் மாத்திரை அட்டை வெள்ளித்தாளில் வெட்டியது.

இந்தப் பொறுமையில் கால்வாசி அம்மாவிடம் காட்டினால் என்ன? சாதனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போன மாசம் வந்தப்பவும் இந்த வலது இறக்கை தனியாத்தான் கெடந்தது. இன்னுமா ஒட்டலை?”

“ஒட்டறேன், விழுந்துடறது. வயசாயிடுத்தோல்லியோ?”

சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் இருந்த மனைவியை ஒரு தரம் பார்த்தார். மகளிடம் ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். பையை எடுத்துக்கொண்டார்.

“கெமிஸ்டுக்குப் போயிட்டு வந்துடறேன். அம்மாவைப் பாத்துக்கோ. மேஜையைத் தொடாதே.”

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை, மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை! இரண்டும் அவருக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. சாதனா மேஜையருகே போனாள். பசை டப்பாவைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. காகிதம் ஒட்டுகிற பசை. இதில் பிளாஸ்டிக் எங்கே நிற்கும்?

சலோ, இன்றோடு இந்தக் கூத்து முடியட்டும். விமானம் முடிந்தால் மனுஷருக்கு வேறு சாக்கு இருக்காது, அம்மா பக்கம் திரும்பித்தானே ஆகவேண்டும்?

அவள் கைப்பையில் செருப்பு வார் ஒட்ட வாங்கிய குழாய்ப் பசை இருந்தது. இரண்டு சொட்டு விட்டு இறக்கையை அழுத்திப் பிடித்தாள். கல்லாகப் பிடித்துக்கொண்டது.

“ஒட்டியாச்சா?”

திரும்பினாள். அம்மா எழுந்து வந்து நின்றிருந்தாள். யாரும் கைகொடுக்காமல், தானாக!

“ஆச்சும்மா. இனிமே விழாது.”

அம்மா இறக்கையைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“அப்போ தலையை வாரி விடுடி. அந்த அரக்குப் புடவையை எடு.”

சாதனா ஓடிப்போய்ச் சீப்பை எடுத்து வந்தாள். எத்தனை மாதமாயிற்று அம்மா இப்படிப் பேசி! சிக்கெடுத்தாள், கொண்டை போட்டாள், குங்குமம் இட்டாள். அம்மா சமர்த்தாக எல்லாவற்றுக்கும் உட்கார்ந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போய் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, லிஃப்டையே பார்த்தபடி அமர்ந்தாள்.

“எங்கேம்மா கிளம்பியாச்சு?”

“நான் எங்கே போறேன்? மணி அண்ணா வரான். அவன் பிளேன்தான் ரெடியாயிடுத்தே.”

சாதனாவின் கையிலிருந்து சீப்பு விழுந்தது.

மணி மாமா கடற்படை விமானி. யுத்தத்திலிருந்து ஒரு கீறல் இல்லாமல் திரும்பினவர், மறு வருஷம் பயிற்சியில், பழுதான விமானத்தோடு கோவா கடலில் விழுந்து இறந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. சாதனா அப்போது பிறக்கவே இல்லை.

லிஃப்ட் திறந்தது. மருந்துப் பையோடு வந்த அனந்தநாராயணன், அரக்குப் புடவையைப் பார்த்தார். உள்ளே ஓடி மேஜையைப் பார்த்தார்.

“ஒட்டிட்டியா?” பின்னாலேயே வந்த மகளிடம், வாசல் பக்கம் பார்த்தபடி ரகசியக் குரலில் கேட்டார்.

“அப்பா, அம்மா என்னமோ...”

“தினம் கேக்கறாடி, அண்ணா எப்போ வருவான்னு. ஒரு தரம் நிஜத்தைச் சொல்லிட்டேன். அப்பத்தான் தந்தி வந்தாப்போல விழுந்து பெரண்டு அழுதா. மறுநாள் அதையும் மறந்துட்டா. திரும்பக் கேட்டா. தினம் தினம் அந்தச் சாவை எப்படிடி இவளுக்குச் சொல்றது? அதான், அவனோட பிளேன் ரெடியானதும் வருவான்னு சொல்லி வச்சிருக்கேன். பகல்ல ஒட்டுவேன், சாயங்காலம் எடுத்துடுவேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“எப்பவும் இங்கேயேதானே உக்காந்திருக்கா? அவ காதுல விழுந்துடுத்துன்னா?”

அவர் இறக்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. சாதனா விமானத்தை அவரிடமிருந்து வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு இறக்கையை ஒடித்தாள். ஆணித் தலைகள் உதிர்ந்தன.

ஒடிந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அம்மா காலடியில் உட்கார்ந்தாள். உண்மையைத் தவிர எதையும் பேசாதவள் என்று ஆபீஸில் பெயர் எடுத்தவள்.

“அம்மா... மாமாவோட பிளேன்ல ஏதோ ரிப்பேராம். இன்னிக்கு வரலையாம்.”

அம்மா ஒடிந்த இறக்கையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“இதுக்கு ஏண்டி அழறே? ரிப்பேரானதுல எல்லாம் அவனை ஏற வேண்டாம்னு சொல்லு. நான் காத்துண்டிருக்கேன்.”