தொனி இல்லாத குரல்

மலைப்பாதையில் ஓடும் ஜீப்புக்குப் புதிதாக ஒரு ரேடியோ வந்தது. அதைப் பொருத்திய மெக்கானிக், "கண்டவன் பேச்சையும் கேக்காதே. குரலுக்கு அடியில, நம்ம ஆளுன்னு அடையாளம் காட்டுற தொனி மெல்லிசா முனகிக்கிட்டு வந்தா மட்டும் காதைத் திற" என்று அதனிடம் சொல்லிவைத்தார். கீழே ஆற்றுப் பாலத்தில் காவலிருப்பவரிடம் இருந்த பழைய கை ரேடியோவுக்கு அந்தத் தொனியை வைக்க மறந்தே போனார்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. "பாலம் எப்படி இருக்கு?" என்று ஜீப் ரேடியோ கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. பேச்சுமில்லை, மூச்சுமில்லை.

அதற்கு ஒன்றுமே புரியவில்லை. "நான் என்ன தப்பு பண்ணேன்? ஏன் யாரும் என்கிட்ட பேசமாட்டேங்கிறாங்க?" என்று கூரைமேல் நின்ற ஆன்டெனாவிடம் புலம்பியது.

"பேசலையா? கீழே கை ரேடியோ தொண்டை கிழியக் கத்துறான். நானும் வாங்கி வாங்கி உன்கிட்ட கொடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"எனக்குக் கேக்கலையே?"

"அவன் குரல்ல உன் தொனி இல்ல."

ரேடியோவுக்குத் தலை சுற்றியது. "தொனி இல்லையா? அப்போ அவன் நம்ம ஆளா, வேற ஆளா?"

"பாலத்தை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்றான்டா!"

"சரி சரி, அதைத் தொனியோட சொல்லச் சொல்லு. கேட்டுக்கிறேன்."

ஓட்டுநர் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். அது கப்சிப் என்று இருந்தது.

"ஒரு சத்தமும் காணோம். பாலம் நல்லாத்தான் இருக்கும்" என்று வேகத்தைக் கூட்டினார்.