சிவப்புப் புள்ளி

“இது திருட்டு வேலை இல்லைன்னு நான் எதை வெச்சுங்க நம்பறது?” என்று கேட்டார் முபாரக்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த அவருடைய கம்ப்யூட்டர் கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. எதிரே நின்ற பெண், தலையில் சுற்றிய ஸ்கார்ஃபைக்கூட எடுக்கவில்லை. பேர் மல்லிகா, ஊர் வாழவந்தி என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மேசைமேல் அவள் வைத்தது விரல் நுனி அளவு வைஃபை அடாப்டர் ஒன்று. பக்கத்தில் அவள் செல்போன். அதன் திரையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நீள நம்பர்.

“இந்த அடாப்டர் பொறக்கும்போதே ஒரு நம்பரோட பொறந்திருக்கு. அதை அழிச்சுட்டு இதை எழுதுங்கறீங்க. யாரு நம்பருங்க இது?”

“என் சிநேகிதியோட ஊட்டுக்காரர் லேப்டாப் நம்பருங்க.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியக் கூடாதுங்க.”

முபாரக் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். போன மாதம்தான் ஒரு லாட்ஜில் எவனோ ஓனருடைய கம்ப்யூட்டர் நம்பரில் நெட்டுக்குள் நுழைந்து ஏமாற்று வேலை செய்திருந்தான். போலீஸ் முதலில் வந்து நின்றது இந்தக் கடை வாசலில்.

“ஏனுங்க, என்னை உள்ள தள்ளணும்னே வந்தீங்களா?”

“அட, இருங்க பாய். அவரு நெட்டைப் பூட்டி வெச்சிருக்காரு. அவரு லேப்டாப் நம்பரைப் பாத்தாத்தான் உள்ள விடும், வேற எதுவும் போகாது. நாளைக்கு மத்தியானம் என் சிநேகிதிக்கு ஆன்லைன்ல வேலைக்கு இன்டர்வியூ. நொம்பக் கஷ்டப்பட்டுக் கெடைச்சதுங்க. விட்டா மறுபடி கூப்பிட மாட்டாங்க.”

“செல்போன்ல பேசச் சொல்றது?”

“ஊடு பள்ளத்துல. டவர் ஒரு கோடு நின்னாலே பெருசு. வீடியோவெல்லாம் எங்கங்க வருது?”

முபாரக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிநேகிதியாவது ஒன்றாவது. யார் வீட்டு நெட்டிலோ நுழையப் பார்க்கிறாள் இவள்.

“அந்தப் பூட்டை ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்கறதே நான்தானுங்க. எங்க ஊட்டுலயும் போட்டிருக்கேன். பக்கத்து ஊட்டுப் பசங்க நெட்டை இழுத்துருவாங்கன்னு போடறது அது. கட்டின பொண்டாட்டிக்குப் பூட்டறவன் எவன்?”

“இருக்காருங்களே.”

“சரி, அந்தச் சிநேகிதிக்குப் போனைப் போடுங்க. ஒரு வார்த்தை பேசிக்கறேன்.”

“ஐயோ, வேண்டாங்க! அவ உங்ககிட்டப் பேசினா காரியமே கெட்டுப் போயிரும்.”

“பாத்தீங்களா! பேச முடியாத சிநேகிதி. எடுத்துட்டுக் கெளம்புங்க.”

மல்லிகா அடாப்டரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“கெளம்பறேனுங்க. ரெண்டு வருசமா சோறாக்கிட்டுத்தான் இருக்கா. இன்னும் ஆக்கட்டும்.”

“படிச்ச பொண்ணா?”

“உங்களைவிட.”

வாசல்வரை போனவள் திரும்பினாள். “உங்க ஊட்டுல ஒருத்தின்னு நெனச்சுப் பாருங்க பாய்.”

வெளியே பனி இறங்கி எதிர்க் கடையை மறைத்திருந்தது. முபாரக் நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். “குடுங்க இப்படி.”

காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தன் லேப்டாப்பில் அடாப்டரைச் செருகினார். சிப்புக்குள் இருந்த பழைய நம்பரை அழித்துவிட்டு, அவள் போனைப் பார்த்துப் புதியதை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அடிக்க அடிக்கக் கோபம் ஏறியது. இப்போது அந்தப் புருஷன்மேல்.

“ஒண்ணு சொல்லிருங்க. ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல அந்த நெட்டுக்குள்ள வந்தா ரெண்டுமே தடுமாறும்.”

“வராதுங்க. அவரு லேப்டாப் பகல்ல ஊட்டுல இருக்கறதே இல்லை.”

வேலை முடிந்தது. நகப்பூச்சுக் குப்பியைத் திறந்து, அடாப்டரின் முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். தன் கை பட்ட சாமானுக்கெல்லாம் அவர் வைக்கும் அடையாளம் அது. அவள் நீட்டிய பணத்தைத் தள்ளிவிட்டார்.

“காசெல்லாம் வேண்டாம். எந்தக் காலத்துல இருக்கான் அந்த ஆளு? நேர்ல பாத்தா நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்.”

“கண்டிப்பாக் கேளுங்க பாய்,” என்று ஸ்கார்ஃபை இறுக்கிக்கொண்டு படியிறங்கினாள் மல்லிகா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்ததும் முபாரக் கடைக்குத் திரும்பாமல் நேரே வீட்டுக்குச் சாப்பிட வந்தார். லேப்டாப்பைக் கடையிலேயே வைத்துவிட்டிருந்தார்.

கூடத்தில் அவர் மனைவி யாஸ்மின், கல்யாணத்தோடு அலமாரிக்குள் போன தன் காலேஜ் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். “தேங்க் யூ சார். திங்கக்கிழமையே சேந்துக்கறேன்,” என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நெட்டு எப்படி உனக்கு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். லேப்டாப்பின் விலாவில் விரல் நுனி அளவு அடாப்டர். அதன் முதுகில் சிவப்புப் புள்ளி.

யாஸ்மின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த ஆளை நேர்ல பாத்தா நாலு வார்த்தை கேப்பேன்னீங்களாமே, கேளுங்க.”