நாலு டிவிக்கு ஒரே படம்

"வீட்டுல எத்தனை பேரு ஐயா?"

"ரெண்டு பேரு. நானும் வீட்டுக்காரியும்."

"டிவி?"

"நாலு."

மெர்விஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கிட்வே நகரச் சந்தைக்கு எதிரே பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறாள். இப்படி ஒரு கணக்கை அவள் கேட்டதில்லை.

பக்கத்து மேஜையில் செல்போன் பழுது பார்க்கும் ராய்ட் தலையைத் தூக்காமலே சொன்னான்: "ஒரு கண்ணுக்கு ஒரு டிவி. சரியாத்தான் இருக்கு."

எதிரே உட்கார்ந்திருந்த கபாசா சிரிக்கவில்லை. சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"படத்தையெல்லாம் ஒரு பெட்டியில வச்சு அங்கேருந்து நாலு டிவிக்கும் அனுப்பணும். அதானே ஐயா? நாலுலயும் வேற வேற படம் ஓடணும்னா பலமான மெஷினா எடுக்கணும்."

"ஒரே படம்தாம்மா."

"ஒரே படமா? அப்ப ரெண்டு பேரும் ஒரு டிவி முன்னால உக்காந்தா ஆச்சே!"

"நாலுலயும் ஓடணும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி வரக்கூடாது."

ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட பெரிய சர்வர் ஒன்று கடையில் இருந்தது. மெர்விஸ் அதைப் போட்டுக் காட்டினாள். விசிறி 'ஙொய்' என்று இரைந்தது. கபாசா காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"இது வேண்டாம். சத்தம் போடுது. பேச்சு தெளிவா கேக்கணும்."

விசிறியே இல்லாத, கையகலப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். "ஒரே படத்துக்கு இது தாராளம். நாலு டிவிக்கும் தனித்தனியா வயர் இழுத்துடறேன். அப்பதான் ஒண்ணா ஓடும்."

"கரண்ட் போனா?"

"போனா நிக்கும்."

"நிக்கக்கூடாது."

மெர்விஸுக்கு எரிச்சல் வந்துவிட்டது. மழை பொய்த்து அணை வற்றியதிலிருந்து ஊருக்கே ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் மின்சாரம். "ஊர்ல அவனவன் பிரிட்ஜ்ல மீன் அழுகுதுன்னு அழுறான். நீங்க நாலு டிவிக்கும் பேட்டரி கேக்கறீங்களா?"

"பெருசாவே போட்டுரு."

"குளியலறைய விட்டுட்டீங்களே ஐயா!" என்றான் ராய்ட்.

கபாசா நிஜமாகவே யோசித்தார். "ஈரத்துல கெட்டுப் போயிடுமே?"

அவர் தெருமுனை தாண்டும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலை மெர்விஸ் பெட்டி, பேட்டரி, வயர் எல்லாம் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். சின்ன வீடு. கூடம், இரண்டு அறை, சமையல் கட்டு. ஒவ்வொன்றிலும் சுவரில் ஒரு டிவி.

கபாசாவின் மனைவி, துணி போட்டு மூடிய ஒரு தட்டை ஏந்திக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். மக்காச்சோளக் களியும் கீரையும் மணத்தன. மெர்விஸ் வணக்கம் சொன்னாள்; அவர் அவளைத் தாண்டிப் போனார். முன்னறைக்குள் எட்டிப் பார்த்தார். பின்னறைக்குப் போனார். சமையல் கட்டுக்குப் போனார். திரும்பவும் கூடத்துக்கு வந்தார்.

ஆணி அடிக்கும் நேரம் முழுக்க அந்த நடை ஓயவில்லை. கபாசா அந்தப் பக்கம் திரும்பாமல் வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெர்விஸால் பொறுக்க முடியவில்லை. "நாலு டிவி மாட்டத் தெரியுது. சோத்தத் தூக்கிட்டு ஒரு மனுஷி எவ்வளவு நேரமா அலையறாங்க? அந்தத் தட்டையாவது வாங்கி வைக்கக் கூடாதா ஐயா?"

"அது எனக்கில்லம்மா" என்றார் கபாசா. "நீ மெஷினப் போடு."

அவர் கொடுத்த பென்டிரைவில் ஒரே ஒரு படம். மெர்விஸ் ஓடவிட்டாள். நாலு திரையும் ஒன்றாக விழித்தன.

சினிமா இல்லை. செல்போனில் எடுத்த துண்டுகளை யாரோ ஒட்டியிருந்தார்கள். கொல்லையில் ஒரு வாலிபன் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். "அம்மா, போனைக் கீழ வைம்மா! எண்ணெ மூஞ்சியோட எடுக்கிறியே!" என்று சிரித்தான்.

நடை நின்றது.

அந்த அம்மா டிவி முன்னால் வந்து நின்றார். "எப்ப வந்தே?" என்று கேட்டார். தட்டைத் திரைக்குக் கீழே வைத்து, துணியை விலக்கினார். "ஆறிப்போச்சு. பரவால்ல, தின்னு."

தண்ணீர் எடுக்கச் சமையல் கட்டுக்குப் போனார். அங்கேயும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னறைக்குள் நுழைந்தார். அங்கேயும் இருந்தான். கூடத்துக்கு வந்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, வலித்த காலை நீட்டிக்கொண்டார்.

மெர்விஸ் கையிலிருந்த சுத்தியலைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள்.

"பையன் வெளியூர்லயா ஐயா?"

கபாசா அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே கேட்காத குரலில் பேசினார்.

"போன வருஷம் சுரங்கத்துல பாறை சரிஞ்சு போயிட்டான். இவளுக்கு எதுவும் நெனப்புல தங்கறதில்லம்மா. ஷிப்ட் முடிஞ்சு வந்திருப்பான்னு சோத்தோட ரூம் ரூமா தேடுவா. நாலுலயும் இல்லன்னா என்கிட்ட வந்து கேப்பா. நான் சொல்லுவேன்."

"சொன்னதும்?"

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவ, ஆறு தடவ. ஒவ்வொரு தடவையும் அவன் இன்னிக்குத்தான் செத்த மாதிரி கீழ விழுந்து அழுவா. இனிமே அத என் வாயால சொல்ல முடியாதும்மா."